வெட்டிய ஓரம்

என் கடை மேசை இழுப்பறையில் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். வெறும் வெள்ளைக் காகிதம்தான். ஆனால் கடைக் காகிதம் மாதிரி வழவழப்பாக இருக்காது, துணி மாதிரி தடித்து இருக்கும். இடது ஓரத்தில் பென்சிலால் நாலு, ஒரு சாய்கோடு, பத்து என்று எழுதியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து. மேல் பக்க விளிம்பு நேராக, சுத்தமாக வெட்டப்பட்டிருக்கும். இரும்பு ஸ்கேல் வைத்து, பிளேடை ஒரே இழுப்பில் இழுத்து, நான் வெட்டியது. நான் நன்றாக வெட்டுவேன். அதுதான் பிரச்சினை.

எண்பதுகளின் நடுவில் ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்தேன். வெள்ளானூரில் எங்கள் நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற பிறகு அண்ணன்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வருவது சாமி படம், இயேசுவின் திருஇருதயப் படம், கல்யாண போட்டோ, செத்தவர்களின் பெரிதாக்கிய போட்டோ. எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். முதலில் சுற்றியிருக்கும் வெள்ளை ஓரத்தை வெட்டி எறிய வேண்டும். ஓரம் விட்டால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், படம் சின்னதாகத் தெரிகிறது என்பார்கள். பிறகு மைதாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை அட்டையில் தடவி, படத்தை ஒட்டி, உருளையால் காற்றை வெளியேற்றி, கண்ணாடி வைத்து, சட்டம் அடித்துவிடலாம். பசை காய்ச்சுவது என் மனைவி. படத்தில் ஒரு கொப்புளம் வந்தாலும் பசை சரியில்லை என்று நான் கத்துவேன். கை சரியில்லை என்று அவள் கத்துவாள்.

டாக்டரம்மா முதல் தடவை கடைக்கு வந்தபோது கையில் பெரிய அட்டை உறை ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அம்பத்தூரில் பிரசவம் பார்க்கும் கிளினிக் வைத்திருந்தார். அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி புதுவீடு கட்டியிருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். உறைக்குள் இருந்ததை எடுத்துக் காட்டி, எதையும் ஒட்டக்கூடாது, பொன் நிறச் சட்டம் கூடாது, கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஒட்டாத படம் மழைக்காலத்தில் அலையலையாக நெளியும், அப்புறம் என் கடையைத்தான் திட்டுவீர்கள் என்றேன். "நெளிஞ்சா நெளியட்டும் தம்பி. அது காகிதம், தகரம் இல்ல" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேன். அந்தக் குரலில் ஏதோ இருந்தது, செய்து கொடுத்தேன். அதன் பிறகு சட்டம் போட என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் போகவில்லை. அவர் சொல்லி எத்தனையோ வீடுகள் எனக்கு வந்தன.

அவர் படம் சேர்க்கிற விதம் எனக்கு விசித்திரமாக இருந்தது. பெரிய பேர் வாங்கியவர்களிடம் அவர் போகவே மாட்டார். ஓவியம் படிக்கும் பிள்ளைகள் வருஷக் கடைசியில் வைக்கும் கண்காட்சிக்கு ரயிலேறிப் போவார், யாரோ வாடகை அறையில் வரைகிறார் என்று கேள்விப்பட்டால் பஸ் மாறிப் போவார். வாங்கி வந்ததை உடனே மாட்ட மாட்டார். தரையில், சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிடுவார். ஒரு மாதம் அங்கேயே இருக்கும். குனிந்து பெருக்கும் வேலைக்காரம்மா முணுமுணுப்பார், வருகிறவர்கள் காலில் இடறுவார்கள். "செவுத்துல மாட்டினா ரெண்டே நாள்ல கண்ணுக்குப் பழகிப் போயிடும் தம்பி. கீழ கிடந்தா கால்ல இடறும், பார்த்துத்தான் ஆகணும். ஒரு மாசம் இடறியும் சலிக்கலைன்னா அது மேல போகலாம்" என்பார். சலித்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார். ஒரு மாதம் தாண்டியது சுவருக்குப் போகும், நாலு மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாறும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, நான் சுத்தியலும் ஆணியுமாக அயனம்பாக்கம் போவேன். கூடத்துப் பெரிய சுவரில் மட்டும் ஒரே ஒரு படம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தச் சுவர் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது.

அந்தச் சுவருக்கு வந்ததுதான் குடங்களின் படம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, அச்செடுத்தது. வெறும் கறுப்பு மை. தெருக் குழாய் ஒன்று, அதற்கு முன்னால் வரிசையாகக் குடங்கள். ஆள் ஒருவர்கூட இல்லை. ஒரு குடத்தில் நசுங்கல், ஒரு குடத்துக்கு வாய் உடைந்திருக்கும், ஒன்று காற்றில் உருளாமல் இருக்க உள்ளே கல் போட்டிருக்கும். தெருவில் தினமும் பார்க்கிறதை எதற்குச் சுவரில் வேறு மாட்ட வேண்டும் என்று நான் வாய் விட்டே கேட்டேன். "உங்க வீட்டுக் குடம் இதுல எதுன்னு உங்க மனைவிகிட்ட காட்டிக் கேளுங்க" என்றார். கடைக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவள் பார்த்த மாத்திரத்தில் நசுங்கிய குடத்தில் விரலை வைத்து, "இதான். இன்னாய்யா, நம்ம தெருவ யாரு வந்து வரைஞ்சாங்க?" என்றாள்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கடை முழுக்கத் திருஇருதயப் படங்கள், திருக்குடும்பப் படங்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. குடங்களின் படத்தை மேசையில் போட்டேன். ஒட்டக்கூடாது, ஒட்டக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒட்டுவதற்கு முந்தின வேலையை என் கை தானாகச் செய்துவிட்டது. ஸ்கேல், பிளேடு, நாலு இழுப்பு. ஓரத்தில் பென்சிலில் ஏதோ இருந்ததைப் பார்த்தேன். மொத்தக் கடைக்காரன் சாமி படக் கட்டில் சரக்கு எண் கிறுக்கியிருப்பான், அது மாதிரி என்று நினைத்தேன். நாலு துண்டும் கழிவுச் சாக்கில் விழுந்தது. பசைச் சட்டியை அந்தப் படத்தின் பக்கமே கொண்டு வராததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் வேறொரு படத்தை மாட்டுவதற்காக அயனம்பாக்கம் போனேன். அதுவும் அச்செடுத்த படம்தான். ஏணியில் நின்றபடி, இதிலும் ஓரத்தில் கிறுக்கல் இருக்கிறதே, அழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கிச் சொன்னார். ஒரு தகட்டில் பத்தே படம் எடுப்பார்கள். பிறகு அந்தத் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவார்கள். பத்தில் எத்தனையாவது என்று பென்சிலால் எண் போட்டு, வரைந்தவர் கையெழுத்துப் போடுவார். "இந்தப் பென்சில் எழுத்து இருக்கு பாருங்க, அது மட்டும்தான் இந்தக் காகிதத்துல அவங்க கை நேரா பட்ட இடம். இது இல்லன்னா இது யாரோ அடிச்ச தாள்" என்றார். பிறகு குடங்களின் படத்தைப் பற்றிச் சொன்னார். அதை வரைந்தவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கல்யாணம் ஆகி வடக்கே எங்கோ போய்விட்டார், வரைவதையே விட்டுவிட்டார் என்று கேள்வி. மற்ற ஒன்பது படமும் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அப்போதே இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். ஆணியை வாயில் கவ்விக்கொண்டிருந்தேன். அதனால் பேசவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைக்கு வந்ததும் கழிவுச் சாக்கைத் தரையில் கொட்டினேன். நூற்றுக்கணக்கான வெள்ளைத் துண்டுகள். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாத்த இப்டி தேடிகினு கீற? எவளாவது லெட்டர் போட்டாளா?" என்றாள். நான் தலை நிமிராமல் தேடுவதைப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்து தேடினாள். அவள்தான் கண்டுபிடித்தாள், தொட்டுப் பார்த்து. மற்றதெல்லாம் வழுக்கியது, இது மட்டும் துணி மாதிரி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "எட்தும்போயி குடுத்துட்டு, வெட்டிட்டேம்மான்னு சொல்லிடு. இன்னா, கடிச்சித் தின்னுடுவாங்களா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் செய்யவில்லை. அதற்குப் பதிலாகத் தடித்த மவுண்ட் அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, படத்தின் விளிம்பை அது கொஞ்சம் மூடுகிற மாதிரி வைத்து, வெட்டிய ஓரம் வெளியே தெரியாமல் சட்டம் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக வேறு எதற்கும் சட்டம் போட்டதில்லை.

கூடத்துச் சுவரில் மாட்டிய பிறகு டாக்டரம்மா தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். கையெழுத்து மறைந்துவிட்டதே என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"உள்ள பத்திரமா கீதும்மா."

"சரி. இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார் அவர்.

அதன் பிறகு பதினொரு வருஷம். மற்ற படங்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாறின. குடங்களின் படம் மாறவே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டுக்குள் நுழையும்போது முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன், படம் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று. ஏரி நிரம்பிய வருஷம் சுவரில் ஓதம் ஏறியது. கண்ணாடிக்குள் மூலையில் பழுப்புக் கறை தெரிகிறது என்று அவர் ஆள் அனுப்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். இங்கே பிரிக்க வேண்டாம், தூசி விழும் என்று சொல்லிக் கடைக்கு எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு பின் அட்டையை மாற்றினேன். அப்போது அந்தத் துண்டைப் படத்துக்குக் கீழே பொருத்திப் பார்த்தேன். பின்பக்கமாக ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். கண்ணாடி வழியாகத் தெரியாது, ஆனால் பிரித்தால் தெரியும். மறைத்ததோடு ஒட்டியதற்கும் சேர்த்து அல்லவா பதில் சொல்ல வேண்டும்? திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது கேட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்குப் போதகர் வந்து, குடங்களைப் பார்த்துவிட்டு, கானாவூர்க் கல்யாணமா என்று கேட்டார். தண்ணீர் திராட்சை ரசமான கதை. "இல்ல பாஸ்டர், இங்க இன்னும் தண்ணியே வரல" என்றார் டாக்டரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏணிமேல் நின்று சிரித்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. பத்தில் நாலாவது, வரைந்தவர் கையெழுத்து உள்ளே இருக்கிறது என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். பெருமையாகச் சொல்வார். ஒரு தடவை ஓவியம் சொல்லித் தரும் வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். கையெழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் பிரித்துக் காட்டுங்கள் தம்பி என்றார். குறடு கொண்டு வரவில்லை என்றேன். குறடு என் பைக்குள், என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாத்தியார் போகும் வரை பையைக் கீழே வைக்கவில்லை, வைத்தால் இரும்புச் சத்தம் கேட்குமே என்று.

இதற்கு நடுவில் என் மனைவிக்குப் பிரசவம். குழந்தை குறுக்காக இருந்தது. டாக்டரம்மாவின் கிளினிக்கில்தான் சேர்த்தேன். காலையில் உள்ளே போனவர்கள் மத்தியானம் தாண்டியும் வெளியே வரவில்லை. நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் அவர் வாங்கிய படம் ஒன்று, நான் சட்டம் போட்டது. பார்க்க முடியாமல் திரும்பி உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் பிழைத்து வந்தால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று எல்லாச் சாமிக்கும் சத்தியம் செய்தேன். கதவு திறந்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமை வர வேணாம் தம்பி, வீட்ல இருங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெட்டியது கை செய்த தப்பு. இது நான் செய்தது.

பயம் முற்றினால் கோபமாகிவிடுகிறது. அவர்மேலேயே எரிச்சல் வந்தது. வெறும் குடம், இதற்குப் போய் இவ்வளவு அலட்டலா என்று மனைவியிடம் கத்துவேன். "நீ தப்பு பண்ணிட்டு அவுங்கள ஏன்யா திட்டிகினு கீற?" என்பாள். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருப்பேன். மூன்றாவது வாரம், நான் இல்லாதபோது வேறு யாராவது சட்டத்தைப் பிரித்துவிட்டால் என்ற நினைப்பு வந்து ஓடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் டாக்டரம்மா கிளினிக்கை மூடினார். பெங்களூரில் மகன் வீட்டோடு போய் இருப்பதாக முடிவு. அங்கே அவருக்கு ஒரு அறை, அதில் ஒரு சுவர்தான் காலி. ஒரே ஒரு படத்தை எடுத்துப் போவது, மற்றதையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்றார். என்னைக் கூப்பிட்டு எல்லாப் படத்தையும் இறக்கச் சொன்னார். நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் கூடத்துத் தரையில், சுவரோரமாக. அவர் வழக்கப்படி ஒரு மாதம். வாரா வாரம் போய்ப் பார்ப்பேன். முப்பதாயிற்று, பன்னிரண்டாயிற்று, ஐந்தாயிற்று. ஏரிக்கரையில் மாடு மேய்கிற வர்ணப் படம் ஒன்று இருந்தது. அதன் அழகை நானாகவே புகழ்ந்தேன். அந்த வீட்டில் ஒரு படத்தை நான் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கடைசி வாரம் போனபோது ஒன்றுதான் இருந்தது.

காரில் கண்ணாடி உடையும், சட்டத்திலிருந்து எடுத்து உறையில் வைத்துக் கொடுங்கள் என்றார். படத்தைக் கனத்த துணி விரித்த மேசையில் குப்புறக் கவிழ்த்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்தேன். பதினாறு சின்ன ஆணி. நானே அடித்தது. குறடால் ஒவ்வொன்றாக இழுத்து அவர் நீட்டிய கிண்ணத்தில் போட்டேன். அவர் பக்கத்திலேயே நின்றார், முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆவல். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கையெழுத்தைப் பார்க்கப் போகிறேன் என்றார். கடைசி ஆணியில் என் கை நின்றுவிட்டது.

"அம்மா, உள்ள கையெழுத்து இல்ல. நான்தான் வெட்டிட்டேன். என்னாண்ட கீது."

அவருக்குப் புரியவில்லை. எப்போது, ஓதம் வந்து அட்டை மாற்றியபோதா என்று கேட்டார். மாட்டுவதற்கு முன்னாலேயே என்றேன். பையிலிருந்து ரெண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருந்த துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடம் காலியாக இருந்ததால் நாற்காலிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு விரலை மடக்கி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். போதகர், அந்த வாத்தியார், தங்கச்சி வீட்டுக்காரர், மருமகள். நான் முதலில் எதற்கென்று தெரியாமல் நின்றேன்.

"இவங்க எல்லார்கிட்டயும் உள்ள இருக்குன்னு சொல்லியிருக்கேன். பதினோரு வருஷமா என் வாயால பொய் சொல்ல வெச்சிருக்கீங்க. வெட்டினேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, வெட்டுப்பட்ட படம்னு சொல்லியே மாட்டியிருப்பேனே."

அன்றைக்குத் தம்பி என்ற சொல் வரவே இல்லை. நான் கடைசி ஆணியைப் பிடுங்கினேன். படத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவர் எழுந்து வந்து அந்தத் துண்டைக் கீழ் விளிம்போடு சேர்த்து வைத்தார். மயிரிழை தப்பாமல் பொருந்தியது. பின்பக்கமாக மெல்லிய காகிதம் கொடுத்து ஒட்டித் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துண்டை எடுத்துத் திரும்பவும் என் இரண்டு அட்டைகளுக்கு நடுவே அவரே வைத்தார்.

"படத்தை நான் எடுத்துக்கறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும். கையெழுத்து எங்கன்னு யாராவது கேட்டா, உங்க கடை விலாசத்தைச் சொல்றேன். நீங்களே எடுத்துக் காட்டி, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

படத்தை உறையில் வைத்துக் கொடுத்தேன். என் மகள் என்ன படிக்கிறாள் என்று வாசலில் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அயனம்பாக்கம் பக்கம் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

இப்போது கடையில் சட்டம் வெட்ட மெஷின் இருக்கிறது, மைதாப் பசை இல்லை. ஆனால் யார் எந்தப் படம் கொண்டுவந்தாலும், நாலணாச் சாமி படமாகவே இருந்தாலும், ஓரத்தை வெட்டட்டுமா என்று ரெண்டு தடவை கேட்கிறேன். இதைக்கூடக் கேட்பீர்களா என்று எரிந்து விழுகிறார்கள். விழட்டும். அந்தத் துண்டுக்கே ஒரு சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாமே என்று மகள் ஒரு தடவை சொன்னாள். அழகாக இருக்கிறதாம். மாட்டுவதற்கு அது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

தெரியாத முகம் யாராவது கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தால், இன்றைக்கும் என் கை இழுப்பறைக்குப் போகிறது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டு வரவில்லை. இருந்தாலும் காலையில் கடை திறந்ததும் இழுப்பறையை இழுத்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். பழைய அட்டைகளுக்குப் பதிலாக நான் வைத்த கண்ணாடிகள் இரண்டும் மங்கிவிட்டன, பென்சில் எழுத்து மங்கவில்லை. யாராவது வந்து கையெழுத்து எங்கே என்று கேட்டால் நான் சொல்லப்போவது பழைய பதில்தான். உள்ளே பத்திரமாக இருக்கிறது. இப்போது அது பொய் இல்லை.